நாய்க்கு எட்டரை, கிளிக்கு இருபத்தேழு: யாருக்கு வயதாகிவிட்டது?

கால்நடை மருத்துவர் பதில்

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 43. வீட்டில் எட்டரை வயது ஆண் லாப்ரடார் ஒன்றும், காலமான அவருடைய அப்பா வளர்த்த 27 வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும் இருக்கின்றன. ஆறு மாதமாக நாய் மந்தமாகிவிட்டதாம். மாடிப்படி ஏறத் தயங்குகிறது, எழுந்திருக்கும்போது பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது, இரண்டு கண்ணிலும் நீலம் பூத்த மாதிரி மங்கல். எடை 41 கிலோ.

பத்து வயது மகன் எட்டரையை ஏழால் பெருக்கி, "நம்ம பையனுக்கு அறுபது வயசாயிடுச்சும்மா" என்று சொன்னதிலிருந்து இவருக்கு நிம்மதி போய்விட்டது. ஒவ்வோர் உயிருக்கும் இத்தனை இதயத்துடிப்புதான் என்று ஒரு கணக்கு இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாயை நடக்கக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டார். மனிதர்களுக்கு விற்கும் 'இளமை மாத்திரை' இரண்டு வகை, ரெஸ்வெரட்ரால் ஒன்று, என்எம்என் ஒன்று, வாங்கி வைத்திருக்கிறார். நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. டெலோமியர் நீளத்தை அளந்து உண்மையான வயதைக் கண்டுபிடிக்கலாமா, சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் கூடுமாமே என்றும் கேட்கிறார். "அரை கிலோ கூட இல்லாத கிளி 27 வயதிலும் வீட்டையே அதட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய நாய் ஏன் பத்துப் பன்னிரண்டில் போய்விட வேண்டும்? பெரிய நாயை எடுத்ததே நான் செய்த தப்பா?" என்று கேட்டு முடித்த பிறகு, பின்குறிப்பாக ஒரு வரி: "ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடிக்கிறான். வயசானால் அப்படித்தானே?"

அன்புச் சகோதரிக்கு,

இல்லை, அப்படி இல்லை. உங்கள் கடிதத்திலேயே அவசரமான வரி அந்தப் பின்குறிப்புதான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் தண்ணீர்

முதுமை என்பது தாகத்தைக் கூட்டும் ஒன்று அல்ல. வயதான நாய் அதிகம் தூங்கலாம், மெதுவாக நடக்கலாம், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பலாம். ஆனால் ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தால் அதற்குக் காரணம் வேறு இருக்கும். சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யலாம், சில வகைப் புற்றுநோயில் ரத்தத்தில் கால்சியம் ஏறியும் தாகம் வரும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு, உணவுமுறை உண்டு. 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிட்டால் எதுவும் கிடையாது.

நாளைக் காலையிலேயே ஒரு வேலை செய்யுங்கள். அளவு போட்ட குவளையால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்துவிடுங்கள். வீட்டில் வேறு வாளி, தொட்டி எதிலும் அவன் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கணக்கு வீண். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் மிகைத் தாகம் என்பது எங்கள் கணக்கு. உங்கள் பையனுக்கு அது 4 லிட்டர் வரும். ஆனால் அவன் எடையில் கொழுப்பும் கணிசமாக இருப்பதால், மூன்று லிட்டரைத் தாண்டினாலே நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அளவு அதற்குக் குறைவாக வந்தாலும் பரிசோதனை வேண்டும். ராத்திரி எழுந்து குடிப்பது புதுப் பழக்கம் என்பதே போதுமான காரணம்.

அளந்த குறிப்போடு, காலையில் முதல் தடவை போகும் சிறுநீரையும் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் தெளிவாக ஏறும். சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரிந்துவிடும். இன்னொன்று: ராத்திரி எழுப்புகிறானே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது ஆபத்து.

கண்ணையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களின் கண்ணில் நீலச் சாம்பல் மங்கல் வரும். கண்வில்லையின் நார்கள் வருஷா வருஷம் உள்பக்கமாக நெருங்கி இறுகுவதால் வருவது அது. பார்வை போகாது, சிகிச்சையும் தேவையில்லை. கண்புரை அப்படி அல்ல. வெள்ளையாக, உடைந்த பனிக்கட்டி மாதிரி தெரியும், வெளிச்சத்தை மறைக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: அவன் முகத்துக்கு நேரே, கொஞ்சம் தள்ளி, ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் கீழே விடுங்கள். கண் அதைத் தொடர்ந்து இறங்கினால் பார்க்கிறான் என்று அர்த்தம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றுதான் படுகிறது. ஆனால் சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் கண்புரையும் வந்துவிடும். தாகமும் மங்கலும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன்.

பின்னங்கால் விஷயத்தில் மருத்துவருக்கு இரண்டு தகவல் உதவும். எழுந்து நாலு அடி நடந்ததும் விறைப்பு விட்டுப்போகிறதா? போனால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, நடக்க நடக்கத் தள்ளாடினாலோ, பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருந்தாலோ, குரைக்கும் சத்தம் கரகரத்து மூச்சில் இரைச்சல் வந்தாலோ, அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். வயதான லாப்ரடார்களில் குரல்வளையும் பின்னங்காலும் சேர்ந்தே தளரும் நோய் ஒன்று உண்டு. வெயிலில் அந்த நாய்கள் மூச்சுத் திணறிப் போய்விடும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஏழால் பெருக்கும் கணக்கு

உங்கள் மகனின் பெருக்கல் சரி, வாய்ப்பாடுதான் தப்பு. ஒரு வயது நாய் குட்டி போடும். ஏழு வயதுக் குழந்தைக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும். நாயின் வாழ்க்கை முதல் இரண்டு வருடத்தில் பாய்ச்சலாக ஓடி, அப்புறம் நிதானமாகிறது. அதனால் எந்த ஒரே எண்ணால் பெருக்கினாலும் ஒரு முனையில் இடிக்கும்.

2020-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார்களின் டிஎன்ஏ மீது வயதோடு படியும் ரசாயனக் குறிகளை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்தார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். அதன்படி உங்கள் பையனுக்கு 65 வருகிறது. பதறாதீர்கள், அதே சூத்திரத்தில் ஒரு வயதுக் குட்டிக்கு 31 வயது! செருப்பைக் கடித்துக் குதறும் குட்டியை யாரும் 31 என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் குறிகள் உடலில் நடக்கும் பல மாற்றங்களில் ஒன்றை மட்டும் அளக்கின்றன, அவ்வளவுதான்.

நான் நாய்களை மனித வயதுக்கு மாற்றுவதே இல்லை. அந்தந்த இனத்தோடு ஒப்பிடுகிறேன். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12 வருடம் என்று வந்தது. பாதி நாய்கள் அதற்கு மேலும் இருந்தன என்பது இதன் பொருள். எட்டரை என்பது முதுமையின் வாசல்.

டெலோமியர் பரிசோதனை வேண்டாம். நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) நுனியில் இருக்கும் இந்தப் பகுதி உயிரணு பிரியும்போதெல்லாம் தேய்வது உண்மை. ஆனால் ஆய்வக எலிக்கு மனிதனை விட நீளமான டெலோமியர் உண்டு, அது வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். நீளத்தை மட்டும் வைத்து ஒரு தனி நாயின் ஆயுளைச் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் சிறுநீர், ரத்தம், வயிற்று ஸ்கேன் மூன்றும் பார்த்துவிடலாம்.

கிளிக்கு ஏன் நீளம், பெரிய நாய்க்கு ஏன் குறைவு?

நீங்கள் வருத்தத்தில் கேட்டது உயிரியலாளர்கள் பல பத்தாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குற்ற உணர்வுக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

பொதுவாக, இனத்துக்கு இனம் ஒப்பிட்டால், பெரிய உடல் என்றால் நீண்ட ஆயுள். எலிக்கு இரண்டு மூன்று வருடம், யானைக்கு அறுபது எழுபது. வில்தலைத் திமிங்கிலம் இருநூறைத் தாண்டும். 2007-இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்றின் கழுத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு வேட்டையிலிருந்து தப்பித்த பிராணி!

ஆனால் இந்த விதியை உடைக்கும் சிறிய பிராணிகள்தான் விஷயத்தை விளக்குகின்றன. சைபீரியாவில் 1964-இல் வளையம் மாட்டிவிட்ட பிராண்ட் வௌவால் என்ற இனத்தைச் சேர்ந்த ஒன்று 41 வருடம் கழித்து மறுபடி பிடிபட்டது. அந்த இன வௌவாலின் எடை ஏழு கிராம்தான். எலி அளவே உள்ள மொட்டைத் துன்னெலி மண்ணுக்கடியில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்கிறது. வௌவால் பறக்கிறது, துன்னெலி புதைந்து வாழ்கிறது. இரண்டையும் எதிரிகள் எளிதில் பிடிக்க முடியாது.

பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952-இல் வெளியிட்ட கருத்து இங்கேதான் பொருந்துகிறது. காட்டில் ஒரு பிராணியை இரண்டு வயதுக்குள் யாராவது தின்றுவிடுவார்கள் என்றால், ஐந்தாம் வயதில் கெடுதல் செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு களையெடுக்க வழியே இல்லை. அந்த வயதுவரை வாழ்ந்தால்தானே கெடுதல் தெரியும்? மாறாக, தின்பவர்கள் குறைந்த வாழ்க்கை வாய்த்த இனங்களில், நீண்ட நாள் உடம்பைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும் பிராணிக்கு அதிகக் குஞ்சுகள் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பழுதுபார்க்கும் திறன் கூடும். அமெரிக்காவில் ஸ்டீவன் ஆஸ்டட் என்ற ஆய்வாளர் ஆபோசம் என்ற, கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பிராணியை இரண்டு இடத்தில் ஒப்பிட்டார். வேட்டையாடும் பிராணிகள் இல்லாத சபேலோ தீவில் இருந்தவை, நிலப்பகுதியில் இருந்தவற்றை விட நிதானமாக மூப்படைந்தன. இனம் ஒன்றுதான், பிழைப்புதான் வேறு.

உங்கள் கிளிக்கும் இதே கதைதான். பறக்கும். போதாததற்குக் கெட்டிக்காரத்தனம் வேறு. 2022-இல் வந்த ஓர் ஆய்வு, விலங்குக் காப்பகப் பதிவுகளில் இருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கிளி இனங்களை ஒப்பிட்டு, உடலைப் பொறுத்து மூளை பெரிதாக உள்ள இனங்கள் அதிக நாள் வாழ்வதாகக் காட்டியது.

சரி, நாய்? நாய்க்குள் கணக்கு தலைகீழ். சிவாவா பதினான்கு பதினைந்து வருடம் சாதாரணமாக இருக்கும், கிரேட் டேன் எட்டு ஒன்பதிலேயே தள்ளாடும். 74 இனங்களின் இறப்புத் தரவுகளை அலசி 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது இது: பெரிய நாய்களுக்கு முதுமை ரொம்ப முன்னதாக ஆரம்பிப்பதில்லை, ஆரம்பித்த பிறகு வேகமாக ஓடுகிறது. இனத்தின் எடையில் ஒவ்வோர் இரண்டு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு மாத ஆயுள் குறைகிறது. வேகமாக வளர்த்துவிடும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன் மீதுதான் சந்தேகம் அதிகம். சின்ன நாய்களின் உருவத்துக்கு முக்கியக் காரணமே இந்த ஹார்மோனின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத குட்டை எலிகளும் சாதாரண எலிகளை விட நெடுநாள் வாழ்கின்றன.

இதில் இயற்கையின் பங்கு குறைவு, நம் பங்கு அதிகம். ஓநாயிலிருந்து வந்த பிராணியின் உருவத்தை மனிதர்கள் தேர்ந்தெடுத்து இழுத்துப் பெரிதாக்கினோம். நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவது இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள். பத்து வயதில் அதன் இதயமும் மண்ணீரலும் எப்படி இருக்கும் என்று பார்த்து ஜோடி சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. மெடவார் சொன்ன அந்தக் களையெடுப்பு இங்கே நடக்கவே இல்லை.

ஆக, தப்பு நீங்கள் பெரிய நாயை எடுத்ததில் இல்லை. எடுத்த நாய் 41 கிலோ ஆனதில்தான் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதயத்துடிப்பு கணக்கு

நண்பர் சொன்னது முழுப் பொய் அல்ல, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 600 தடவை, யானையுடையது 30 தடவை அடிக்கும். ஆயுளோடு பெருக்கினால் பல பாலூட்டிகளுக்கு வாழ்நாளில் சுமார் 100 கோடித் துடிப்பு என்று வரும். வேகமாக வாழ்ந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஒரு கோட்பாடே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வாக்காக இருந்தது.

அது சராசரி மட்டும்தான், யாருக்கும் அளந்து கொடுத்த ரேஷன் இல்லை. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 70 என்றால் 43 வயதில் ஏறத்தாழ 160 கோடி. கிளியின் இதயம் ஓய்வில் 150 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 27 வருடத்தில் 210 கோடியைத் தாண்டிவிட்டது. ரேஷன் உண்மை என்றால் நீங்கள் இருவருமே இந்நேரம் இருக்கக் கூடாது. நாய்களிலும், கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் அதிக ஆற்றலை எரிப்பது சின்ன நாய்தான், அதிக நாள் இருப்பதும் அதுதான்.

நடையை நிறுத்தியதால் நடந்தது என்ன? தொடைச் சதை வற்றுகிறது, மூட்டைத் தாங்க ஆளில்லை, எடை ஏறுகிறது. ஆறு மாத மந்தத்தில் ஒரு பங்கு இந்த ஓய்வின் கைங்கரியமாகவே இருக்கலாம். மருத்துவர் இதயத்தையும் மூட்டையும் பார்த்துச் சரி என்றதும் மறுபடி ஆரம்பியுங்கள். சமதரையில், பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பந்து எறிந்து ஓடவிடுவது, மாடிப்படி, வழுக்கும் தரை மூன்றும் வேண்டாம்.

இதயத்தைப் பற்றிய கவலை போகாவிட்டால், அவன் அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. பல நாளாகத் திரும்பத் திரும்ப 30-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த இரண்டு டப்பா

கொடுக்காதீர்கள். ரெஸ்வெரட்ரால் ஈஸ்ட்டிலும், கொழுப்பு உணவு தின்ற எலிகளிலும் நல்ல பலன் காட்டியதால் பெரிய பேர் வாங்கியது. சாதாரண உணவு தின்ற எலிகளுக்கு அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்களில் ஒரே முறையில் கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. என்எம்என் நாயின் ஆயுளை நீட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பலன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு இல்லையே என்று நினைப்பீர்கள். தீங்கு மாத்திரையில் கலந்திருக்கும் மற்றவற்றில் இருக்கிறது. மென்று தின்னும் வகைகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும், கல்லீரலையும் கெடுக்கும். அதிக வைட்டமின் டி சிறுநீரகத்தைப் பாழாக்கும். திராட்சையும் நாய்களுக்கு நஞ்சு, ரெஸ்வெரட்ரால் மாத்திரைகள் சிலவற்றில் திராட்சைச் சாறு இருக்கிறது. சிறுநீரகத்தைப் பற்றியே சந்தேகம் இருக்கும் ஒரு நாய்க்கு இவை எதற்கு? டப்பாக்களை உயரத்தில் வையுங்கள், லாப்ரடார் மூடியைத் திறக்காது, டப்பாவையே கடித்துவிடும். கால் வலிக்கிறதே என்று வீட்டில் உள்ள இபுப்ரோஃபென் கொடுப்பதும் கூடாது. நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன.

உண்மையில் நம்பிக்கை தருவது ராபமைசின் என்ற மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்தது. மனிதனின் அறுபது வயதுக்கு ஒப்பான 600 நாள் எலிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தும் ஆயுள் கூடியதாக 2009-இல் அறிவித்தார்கள். பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9. அமெரிக்காவில் வளர்ப்பு நாய்களிலேயே இதைச் சோதிக்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் அது உறுப்பு மாற்று நோயாளிகளின் எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் மருந்து. முடிவு வரும் முன்னால் வீட்டில் கொடுத்துப் பார்க்கும் விஷயமே அல்ல.

பாதிச் சாப்பாடு வேண்டாம், கால் பங்கு குறையுங்கள்

லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு அதிர்ஷ்டம், அவர்கள் நாயை வைத்தே மிகத் தெளிவான ஆய்வு நடந்திருக்கிறது. 48 குட்டிகள், ஒரே ஈற்றில் பிறந்தவையாக ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததை விட 25 சதவீதம் குறைவாக மற்றதற்கு ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்றவை 13. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் பின்னவற்றுக்குத் தாமதமாகத்தான். எந்த மாத்திரையும் நாயிடம் இதுவரை காட்டாத பலன் இது. குறைவாகத் தின்றவை பட்டினி நாய்கள் அல்ல, அளவான உடம்போடு இருந்த நாய்கள் என்பதைக் கவனியுங்கள். பாதியாக வெட்டினால் கொழுப்போடு சதையும் சத்தும் போகும்.

உங்கள் கையை மூடி முஷ்டியாக்கி, முட்டிகளை மறு கை விரலால் தடவுங்கள். நாயின் விலா அப்படித் துருத்தினால் மெலிவு. கையை விரித்து உள்ளங்கைப் பக்கம் விரல் ஆரம்பிக்கும் இடத்தைத் தடவினால் எலும்பு மெத்தைக்குள் இருக்கும், விலா அப்படி இருந்தால் பருமன். புறங்கையைத் தடவும்போது எலும்பு லேசான தோலுக்கடியில் தட்டுப்படுகிறதே, அதுதான் வேண்டிய அளவு. ஆண் லாப்ரடாருக்கு அது பெரும்பாலும் 30-லிருந்து 36 கிலோவுக்குள் வரும். வாரம் ஒரு சதவீதம், உங்கள் பையனுக்கு 400 கிராம், குறைந்தால் சரியான வேகம். பரிசோதனை முடிவு வந்த பிறகே ஆரம்பியுங்கள். சிறுநீரகமோ சர்க்கரையோ என்றால் உணவுத் திட்டமே வேறு. நீங்கள் குறைக்காமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அது நோய்க்குறி.

அவன் பசியோடு பார்க்கும் பார்வைக்கு மசியாமல் இருப்பதுதான் கஷ்டம். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, நிறைந்த உணர்வைத் தரும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அவற்றுக்கு நிஜமாகவே பசிக்கும். நாள் அளவைக் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டு, மகன் கொடுக்கும் தின்பண்டத்தையும் அதிலிருந்தே கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளி

அதற்கு 27 என்பது நடுவயது. நல்ல பராமரிப்பில் சாம்பல் கிளி நாற்பதைத் தாண்டுவது அதிசயமில்லை. சிகாகோ அருகே புரூக்ஃபீல்ட் விலங்குக் காட்சியகத்தில் இருந்த குக்கி என்ற காக்கட்டூ வகைக் கிளி 2016-இல் இறந்தபோது அதற்கு 83 வயது. ஆனால் வீட்டுக் கிளிகள் பல பாதியிலேயே போவது சூரியகாந்தி விதையால். வெறும் விதை உணவில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குறையும், ரத்தக் குழாயில் கொழுப்புப் படியும். சாம்பல் கிளிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சீக்கிரம் வரும். பறவை நோயைக் கடைசிவரை மறைக்கும் என்பதால், கிராம் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள். பத்து சதவீதம் குறைந்தால் அன்றே பறவை பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளி உங்கள் அறுபதுகளிலும் இருக்கக்கூடும், உங்களுக்குப் பிறகும் இருக்கக்கூடும். பெரும்பாலான நாடுகளில் சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி உங்கள் உடைமை. உடைமைக்குச் சொத்து எழுதிவைக்க முடியாது. கிளியை இன்னாருக்கு, அதன் செலவுக்கு இவ்வளவு அவருக்கு என்று உயிலில் எழுதலாம். எழுதுவதற்கு முன் அவரிடம் சம்மதம் கேட்டு, இப்போதிருந்தே அடிக்கடி வரச் சொல்லிக் கிளிக்குப் பழக்கப்படுத்துங்கள். சாம்பல் கிளிகள் ஆள் மாறினால் இறகைப் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்குப் பிறகு அது அப்படிச் செய்ததா என்று கடிதத்தில் இல்லை. செய்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கிடையில் நாய்க்கு வயிறு திடீரென்று உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தாலோ, ஈறு வெளுத்துச் சாய்ந்தாலோ, இந்தக் கடிதம், அளவுக்குவளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள். மற்றபடி, தண்ணீர்க் கணக்கும் பரிசோதனை முடிவும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.